கூட்டல் தெரிந்த பிள்ளைக்குக் கணக்கில் ஏன் 38? டர்பனில் ஒரு பெற்றோர்–ஆசிரியர் சந்திப்புக்குத் தயாரான விவரம்

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்காகத் தென்னாப்பிரிக்கா வரும் குடும்பங்கள் பள்ளிக்கூட விஷயத்தில் திண்டாடுவதைப் பல வருடமாகப் பார்க்கிறேன். அவற்றில் ஒரு குடும்பத்தின் கதையை முதலிலிருந்து முடிவுவரை அவர்கள் சம்மதத்தோடு இங்கே எழுதுகிறேன். பெயர்கள் வேண்டாம் என்றார்கள், பள்ளியின் பெயரும் தேவையில்லை. நான் டர்பனில் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பவள். அந்தப் பழக்கத்தில்தான் இந்த அம்மா என்னிடம் வந்தார்.

பின்னணி

ஊர் தென்காசிப் பக்கம். அப்பா சமையற்காரர், டர்பனில் ஓர் இந்திய உணவகத்தில் வேலை, இரவு வெகுநேரம் கழித்துத்தான் வீடு திரும்புவார். அம்மா வீட்டில் இருக்கிறார், பத்தாவது வரை தமிழ்வழியில் படித்தவர், ஆங்கிலம் ஓரளவு புரியும், பேசத் தயக்கம். ஒரே மகள். தென்காசியில் மூன்றாம் வகுப்பை ஏப்ரலில் முடித்துவிட்டு ஜூலையில் இங்கே வந்து சேர்ந்தாள்.

இங்கே கல்வியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடியும். வருடத்துக்கு நான்கு பருவம். ஜூலை என்பது மூன்றாம் பருவம். எனவே அவளை மூன்றாம் வகுப்பின் பின்பாதியில் உட்காரவைத்து, அடுத்த ஜனவரியில் நாலாம் வகுப்புக்கு அனுப்பினார்கள். அந்த அரை வருடம் பெரிய புகார் எதுவும் வரவில்லை. சாதுவான பிள்ளை, கையெழுத்து அழகு, வீட்டுப்பாடம் தவறாது. அம்மாவும் நிம்மதியாக இருந்துவிட்டார்.

நாலாம் வகுப்பு இந்த நாட்டில் ஒரு பெரிய படி. மூன்றாம் வகுப்புவரை நான்கே பாடம்: வீட்டுமொழி, கூடுதல் மொழி, கணக்கு, வாழ்க்கைத்திறன். நாலாம் வகுப்பில் அறிவியலும் தொழில்நுட்பமும் சேர்ந்த ஒரு பாடம், சமூக அறிவியல் ஒரு பாடம் என்று ஆறாகிவிடும். அதுவரை வாசிக்கக் கற்றுக்கொண்டிருந்த பிள்ளை, இனி வாசித்துத்தான் எதையும் கற்றாக வேண்டும். இந்த இடத்தில் தடுமாறுவது வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகள் மட்டும் இல்லை. பல நாடுகளில் நடக்கும் பிர்ல்ஸ் என்ற வாசிப்பு ஆய்வில், 2021இல், இந்நாட்டு நாலாம் வகுப்புப் பிள்ளைகளில் 81 விழுக்காட்டினர் எந்த மொழியிலும் பொருள் புரிந்து வாசிக்கும் நிலையை எட்டவில்லை என்று வந்தது. 38 பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ஒரு ஆசிரியைக்கு இதெல்லாம் அன்றாடம் பார்க்கும் காட்சிதான்.

இந்தப் பிள்ளைக்கு ஆங்கிலம்தான் 'வீட்டுமொழி'ப் பாடம், அதாவது ஆங்கிலம் பேசும் வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கான தரத்தில். கூடுதல் மொழி இசிசூலு, அதாவது இங்குள்ள சூலு மக்களின் மொழி, அது அவளுக்கு முழுக்கப் புதிது.

ரிப்போர்ட் வந்தபோது

முதல் பருவம் முடிந்து ரிப்போர்ட் வந்தது. இங்கே மதிப்பெண்ணோடு ஏழு நிலைகளில் ஒன்றையும் போடுவார்கள்: 30க்குக் கீழே என்றால் நிலை 1, 80க்கு மேல் நிலை 7. அவளுக்குக் கணக்கில் 38, நிலை 2. ஆங்கிலத்தில் 44, நிலை 3. இசிசூலுவில் 31. கீழே ஆசிரியையின் குறிப்பு இரண்டு வரி: வகுப்பில் பங்கெடுப்பதில்லை, இன்னும் உழைக்க வேண்டும்.

அப்பா கொதித்துப்போனார். ஊரில் வகுப்பில் முதல் இரண்டு இடத்துக்குள் வந்த பிள்ளை, பதினாறாம் வாய்ப்பாடு வரை ஒப்பிப்பவள், அவளுக்குக் கணக்கில் 38 என்றால் ஆசிரியையிடம்தான் ஏதோ கோளாறு என்பது அவர் வாதம். வேறு பிரிவுக்கு மாற்றச் சொல்லிக் கேட்டுவிடலாம், இல்லையென்றால் வேறு பள்ளி பார்க்கலாம் என்றார். அம்மா நேர்மாறாக, பிள்ளை சோம்பேறியாகிவிட்டாள் என்று நினைத்து டிவியை நிறுத்திவிட்டார். ஒரே ரிப்போர்ட்டைப் பார்த்து வீட்டில் இரண்டு தீர்ப்பு.

இரண்டாம் பருவத் தொடக்கத்தில் பெற்றோர் சந்திப்பு என்று தாள் வந்தது. வியாழக்கிழமை மாலை, ஒவ்வொருவருக்கும் பத்து நிமிடம், நேரத்தைக் குறித்து அனுப்ப வேண்டும். அம்மா என்னிடம் வந்து, "அக்கா, நீங்க கூட வாங்க. அந்த மேம் பேரப் பாத்தா நம்ம ஆளுங்க மாதிரி இருக்கு, ஆனா ஒரு வார்த்த தமிழ் வரல" என்றார். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் இங்கே ஒருமுறையாவது ஏமாறுவார்கள். பிள்ளை, நாயுடு, கோவிந்தர், மூட்லி என்று குடும்பப் பெயர்கள் எல்லாப் பள்ளியிலும் உண்டு. ஆனால் 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறி வந்தவர்களின் வழிவந்த இவர்கள் வீடுகளில் பெரும்பாலும் ஆங்கிலமே பேச்சுமொழியாகி எத்தனையோ காலமாகிறது. கோயிலும் காவடியும் தமிழில் தொடர்கின்றன, பேச்சு தொடரவில்லை.

நான் வருகிறேன் என்றேன். ஆனால் அதற்குமுன் பிள்ளையின் நோட்டுகளையும் திருத்திய தேர்வுத்தாள்களையும் முழுவதுமாக எடுத்துவரச் சொன்னேன். ரிப்போர்ட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு போனால் பத்து நிமிடமும் அந்த எண்களைப் பற்றியே பேச்சு போகும், ஏன் அந்த எண் வந்தது என்று இரு பக்கமும் தெரியாமலே எழுந்து வரவேண்டியதாகிவிடும்.

நோட்டில் கண்டவை

ஒரு சனிக்கிழமை மதியம் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எல்லாவற்றையும் பரப்பினோம். கணக்கு நோட்டில் வெறும் எண்களாகக் கொடுத்த கணக்குகளில் விடை எல்லாம் சரி. ஆனாலும் பாதி மதிப்பெண் போயிருந்தது. அவள் நம் ஊர் வழக்கப்படி ஒன்றின்கீழ் ஒன்று எழுதி, மீதி ஏற்றி, விடையை மட்டும் போட்டிருக்கிறாள். இங்கே பாடத்திட்டத்தில் நாலாம் வகுப்பில் எண்ணைப் பிரித்துச் சேர்ப்பதுதான் முறை. 346ஐயும் 287ஐயும் கூட்டச் சொன்னால் 300உம் 200உம் சேர்ந்து 500, 40உம் 80உம் சேர்ந்து 120, 6உம் 7உம் சேர்ந்து 13, மொத்தம் 633 என்று விரித்து எழுத வேண்டும். ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதும் முறை ஐந்தாம் வகுப்பில்தான் வருகிறது. விடை சரி, வழி இல்லை, அதனால் மதிப்பெண்ணில் பாதி. இது பிள்ளைக்கும் தெரியவில்லை, அம்மாவுக்கும் தெரியவில்லை. சிவப்பு மையில் 'முறையைக் காட்டு' என்று மூன்று இடத்தில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். அது எந்த முறை என்று பிள்ளைக்கு யார் சொல்வது?

இன்னொன்று சின்னதுதான், ஆனால் பல இடத்தில் வந்தது. நாம் ஆயிரத்து இருநூற்றைம்பதை 1,250 என்று காற்புள்ளி போட்டு எழுதுவோம். தென்னாப்பிரிக்காவில் காற்புள்ளிதான் தசமப்புள்ளி, பன்னிரண்டு ரேண்ட் ஐம்பது சென்ட் என்றால் 12,50 என்று எழுதுவார்கள், ஆயிரத்துக்கு வெறும் இடைவெளிதான். ஆக அவள் எழுதிய 1,250ஐ இங்கே படிப்பவருக்கு அது ஒன்றேகால் மாதிரித் தெரியும். அவளும் விலைப்பட்டியல் கணக்கு ஒன்றில் 12,50ஐ ஆயிரத்து இருநூற்றைம்பது என்று எடுத்துக்கொண்டு தடம் மாறியிருந்தாள்.

உண்மையான அடி வாக்கியக் கணக்குகளில்தான். தேர்வுத்தாளில் பெரும்பாலானவை காலி, எழுதியவை தப்பு, கடைசிப் பக்கத்தைத் தொடவே இல்லை. அதில் ஒன்றைச் சொல்கிறேன். 'சிபோவிடம் 45 ரேண்ட் இருக்கிறது, அது தண்டியிடம் இருப்பதைவிட 18 ரேண்ட் அதிகம், தண்டியிடம் எவ்வளவு?' அவள் கூட்டி 63 என்று போட்டிருந்தாள். அதிகம் என்பதற்கான ஆங்கிலச் சொல்லைப் பார்த்ததும் கூட்டல் என்று முடிவு கட்டியிருக்கிறாள்.

அன்று மாலையே அம்மாவிடம் ஒன்று செய்யச் சொன்னேன். தேர்வில் போன வாக்கியக் கணக்குகளில் ஆறை எடுத்துக்கொண்டு, புத்தகம் எதையும் காட்டாமல், சமைத்துக்கொண்டிருக்கும்போது சும்மா தமிழில் கேட்க வேண்டும். "உங்கிட்ட 45 ரூவா இருக்கு. சித்தி மவன்கிட்ட இருக்கிறத விட அது 18 ரூவா ஜாஸ்தி. அப்போ அவன்கிட்ட எவ்வளவு?" பிள்ளை வெங்காயம் உரித்துக்கொண்டே 27 என்றிருக்கிறாள். ஆறில் ஐந்து சரி. மறுநாள் அதே மாதிரியான வேறு ஆறு கணக்கை நான் ஆங்கிலத்தில் மெதுவாக வாசித்துக் காட்டினேன், மூன்று சரி. அப்புறம் இன்னும் ஆறைத் தாளில் எழுதித் தனியாகச் செய்யச் சொன்னபோது ஒன்றுதான் வந்தது.

இவ்வளவு பார்த்ததும் அப்பாவின் வாதம், அம்மாவின் வாதம் இரண்டுமே அடங்கிவிட்டன. பிள்ளைக்குக் கணக்கு வருகிறது. கேள்வியின் ஆங்கிலம் வரவில்லை, அதிலும் வாசிக்கும்போது இன்னும் மோசம், கேட்கும்போது கொஞ்சம் பரவாயில்லை. இதோடு முறை வேறு மாறியிருக்கிறது. கண்பார்வையோ காதோ காரணமாக இருக்குமா என்றும் யோசித்தோம். கரும்பலகையிலிருந்து எழுதியதெல்லாம் பிழையின்றி இருந்தது, தெருவின் எதிர்ப்பக்கப் பெயர்ப்பலகையைத் தடுமாறாமல் வாசித்தாள், பின்னாலிருந்து மெதுவாகக் கூப்பிட்டால் திரும்பினாள். அதனால் அந்தப் பேச்சைச் சந்திப்பில் எடுக்க வேண்டாம் என்று விட்டோம்.

பிள்ளையிடமும் கேட்கவேண்டும் அல்லவா? 'மேமிடம் நாங்கள் என்ன சொல்ல வேண்டும்' என்று அம்மா கேட்டபோது முதலில் ஒன்றுமில்லை என்றவள், படுக்கும்போது சொன்னாளாம்: "பின்னாடி உக்காந்தா மேம் பேசுறது வேகமா இருக்கும்மா. கை தூக்கிப் பேசினா என் இங்கிலீஷக் கேட்டுச் சிரிப்பாங்க." வகுப்பில் பங்கெடுப்பதில்லை என்ற ரிப்போர்ட் வரிக்குப் பின்னால் இருந்தது இதுதான்.

சந்திப்புக்கு முன் எடுத்த முடிவுகள்

முதலாவது, நேரம். வியாழன் மாலை அப்பாவுக்கு வேலை. பலர் இந்த இடத்தில் ஒருவர் மட்டும் போய்விட்டு வந்து மற்றவருக்குச் சொல்வார்கள். இந்த வீட்டில் கோபப்பட்டவர் அப்பா, அவர் நேரில் கேட்காமல் இருந்தால் கோபம் அப்படியே இருக்கும். அதனால் பிள்ளையின் டைரியில் அம்மா நான்கு வரி எழுதினார்: இருவரும் வர விரும்புகிறோம், செவ்வாய்க்கிழமை அப்பாவுக்கு விடுப்பு, பள்ளி முடிந்தபின் ஒரு நேரம் தர முடியுமா, மொழி உதவிக்கு ஒருவர் கூட வரலாமா. ஆசிரியை செவ்வாய் இரண்டரை மணி என்று பதில் எழுதியிருந்தார். கூட்டநாள் நெரிசல் இல்லாததால் இருபது நிமிடம் கிடைத்தது. இப்படிக் கேட்கலாம் என்பதே நிறையப் பேருக்குத் தெரிவதில்லை.

இரண்டாவது, யார் பேசுவது. பிள்ளையையே கூட்டிப்போய் மொழிபெயர்க்க வைக்கலாம் என்பது அப்பாவின் யோசனை, இங்கே பல வீடுகளில் அப்படித்தான் நடக்கிறது. நான் ஒப்பவில்லை. தன்னைப் பற்றிய குறையைத் தானே அப்பாவுக்குச் சொல்லவேண்டிய நிலைக்கு ஒரு ஒன்பது வயதுப் பிள்ளையைத் தள்ளக்கூடாது, தவிர அவள் அதை முழுதாகச் சொல்லவும் மாட்டாள். முதல் இரண்டு வாக்கியத்தை அம்மா ஆங்கிலத்தில் தானே சொல்வது, மிச்சத்தை அவர் தமிழில் சொல்ல நான் ஆங்கிலத்தில் சொல்வது என்று முடிவானது. நானே எல்லாம் பேசினால் ஆசிரியைக்கு என் முகம்தான் நினைவிருக்கும். வருடம் முழுவதும் டைரியில் எழுதப்போகிறவர் அம்மா.

மூன்றாவதுக்குத்தான் விவாதம் அதிகம்: எதைப் பேசாமல் விடுவது. பிரிவை மாற்றும் பேச்சு வேண்டாம் என்றேன். அதை முதலில் எடுத்தால் ஆசிரியை தன்னைக் காத்துக்கொள்ளத்தான் பேசுவார், பிள்ளையைப் பற்றிப் பேச்சே வராது. ஊரில் எத்தனையாவது ரேங்க் என்பதும் வேண்டாம். ஆனால் தென்காசி மூன்றாம் வகுப்புக் கணக்கு நோட்டு ஒன்று பெட்டியில் இருந்தது, அதை எடுத்துக்கொண்டோம், அவள் எந்த முறையில் கற்றாள் என்பதற்கு அதுவே ஆதாரம். இசிசூலுவையும் இந்த முறை விட்டோம். இருபது நிமிடத்தில் மூன்று பாடத்தைப் பேசினால் மூன்றும் அரைகுறையாகும்.

கடைசியில் அரைப்பக்கத் தாள் ஒன்று தயார் செய்தோம். வீட்டில் பார்த்தது என்ன என்று ஐந்தாறு வரி, அந்த ஆறாறு கணக்குகளின் முடிவோடு. பிறகு ஒரு கேள்வி: வகுப்பில் நீங்கள் பார்ப்பதும் இதுவேதானா, வேறு ஏதாவது உண்டா? பிறகு ஒரு வேண்டுகோள்: வீட்டில் நாங்கள் என்ன செய்தால் உங்கள் வேலைக்குத் துணையாகும்? அப்பா அதைத் தமிழில் ஒருமுறை வாசித்துவிட்டு, "இதுல நாம சண்டையே போடலியே" என்றார். போடாமல் இருந்தால் என்ன கிடைக்கிறது என்று பார்ப்போம் அண்ணே என்றேன்.

சந்திப்பு

மூன்று பேரைக் கண்டதும் ஆசிரியை சற்று இறுகினார். நான் மொழிக்காக மட்டும் வந்தவள் என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன். அம்மா ஒத்திகை பார்த்த இரண்டு வாக்கியத்தைச் சொன்னார், குரல் நடுங்கினாலும் சொல்லிவிட்டார்: என் மகளுக்காக நீங்கள் படும் சிரமத்துக்கு நன்றி, வீட்டில் நாங்கள் கவனித்ததைக் காட்ட விரும்புகிறோம். அப்புறம் ரிப்போர்ட்டை எடுக்காமல் கணக்கு நோட்டைத் திறந்து வைத்தார்.

ஆசிரியை அரைப்பக்கத்தை வாசித்தார். தென்காசி நோட்டைப் புரட்டினார். ஒன்றின்கீழ் ஒன்றாகப் போட்ட மூன்றிலக்கக் கூட்டலைப் பார்த்துவிட்டு, இதை எப்போது படித்தாள் என்று கேட்டார். மூன்றாம் வகுப்பில் என்றதும், வேறு யாரோ வீட்டில் போட்டுக்கொடுப்பதாகத் தான் நினைத்திருந்ததாகச் சொன்னார். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார், ஆனால் ஒன்றும் சொல்லவில்லை.

அதன்பிறகு எங்களுக்குத் தெரியாத விஷயங்கள் வந்தன. இவள் கரும்பலகையில் இருப்பதை வகுப்பிலேயே முதலில் எழுதி முடிப்பவள், அதனால் புரிந்துவிட்டது என்றே தான் எடுத்துக்கொண்டதாக ஆசிரியை சொன்னார். கூப்பிட்டுப் பேசினால் தலையைக் குனிந்துகொள்கிறாள், அது அலட்சியமோ என்று தோன்றியதாம். பெரியவர்கள் கேட்கும்போது கண்ணைப் பார்த்துப் பேசுவது எங்கள் பக்கம் மரியாதை இல்லை என்று அம்மா விளக்கினார். ஆசிரியை சிரித்து, என் ஆயாவும் எங்களை அப்படித்தான் வளர்த்தார், மறந்தே போச்சு என்றார். அதற்குப்பின் அறை இளகியது.

முட்டிய இடம் ஒன்று உண்டு. வீட்டில் ஆங்கிலம் பேசுங்கள் என்றார் ஆசிரியை. புதிதாக வரும் குடும்பங்களுக்கு இங்கே தவறாமல் கிடைக்கும் அறிவுரை இது. அப்பா தலையாட்டத் தொடங்கிவிட்டார். அம்மா தமிழில் சொன்னதை அப்படியே மொழிபெயர்த்தேன்: "நான் பேசுற இங்கிலீஷ அவ கத்துக்கிட்டா அதுவும் தப்பாத்தான் வரும். கணக்க நான் தமிழ்ல புரியவச்சிடுவேன். அந்த வார்த்தைய மட்டும் நீங்க குடுங்க." ஆறில் ஐந்து தமிழில் வந்ததைத் தாளில் பார்த்திருந்ததால் ஆசிரியை வற்புறுத்தவில்லை. இந்தப் பருவம் முடியும்வரை அப்படியே செய்து பார்ப்போம் என்றார். அம்மா அந்த இடத்தில் விட்டுக்கொடுத்திருந்தால் அந்த வீட்டில் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித்தர ஆளே இல்லாமல் போயிருக்கும்.

முடிவில் பேசி ஒத்துக்கொண்டவை: முன்வரிசையில், பேசிப் பழகும் ஒரு பிள்ளையின் பக்கத்தில் இடம். வாரம் ஐந்து கணக்குச் சொற்கள் டைரியில் வரும், மொத்தமாக, ஒவ்வொன்றுக்கும், மிச்சம், குறைவு, வித்தியாசம் போன்றவற்றின் ஆங்கிலம். விரித்து எழுதும் முறைக்கு ஒரு மாதிரிப் பக்கம். வகுப்புப் பயிற்சிகளில் வாக்கியக் கணக்கை ஆசிரியை ஒருமுறை உரக்க வாசிப்பார், ஆனால் மதிப்பெண் போடும் தேர்வில் தானாக அப்படிச் செய்ய முடியாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். ஜூன் தேர்வுக்குப் பிறகு மறுபடி சந்திப்பு. இதை அங்கேயே டைரியில் எழுதி இருவரும் கையெழுத்திட்டார்கள்.

ஆதரவுப் படிவம் பற்றிய தயக்கம்

எழும் நேரத்தில் ஆசிரியை இன்னொன்று சொன்னார். கற்றலில் தடை இருக்கும் பிள்ளைகளை அடையாளம் கண்டு உதவ 2014இல் வந்த தேசியக் கொள்கை ஒன்று இருக்கிறது, சுருக்கமாக சயாஸ் என்பார்கள். அதன்படி முதல் படிவத்தைத் தான் நிரப்ப விரும்புவதாகச் சொன்னார். பெற்றோர் இருவர் முகமும் மாறிவிட்டது. 'மந்தமான பிள்ளை' என்று முத்திரை குத்திவிடுவார்களோ, தனிப் பள்ளிக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். அன்றே ஒப்புக்கொள்ள வேண்டாம், இரண்டு நாள் எடுத்துக்கொள்கிறோம் என்று கேட்டோம், சரி என்றார்.

வீட்டில் உட்கார்ந்து பேசினோம். முதல் படிவம் வகுப்பாசிரியர் அளவில் நிற்பது, என்ன தடை, என்ன செய்து பார்த்தோம் என்ற பதிவு. அது போதாவிட்டால் பள்ளியிலேயே இருக்கும் ஆதரவுக் குழு இரண்டாவது படிவத்தோடு பார்க்கும். மாவட்ட அளவிலான குழு அதற்கும் அடுத்த படி. தனிப் பள்ளிப் பேச்செல்லாம் இந்த இடத்தில் இல்லவே இல்லை. மொழி மாறி வந்த பிள்ளையின் சிக்கலும் இதில் தடையாகவே கொள்ளப்படுகிறது. படிவம் இல்லாவிட்டால் இந்த ஆசிரியை அடுத்த வருடம் வேறு பள்ளிக்குப் போய்விட்டால், புதியவர் பூஜ்யத்திலிருந்து தொடங்குவார்.

ஒப்புக்கொள்வது, ஆனால் தடை என்பதற்கு நேரே 'பயிற்றுமொழி' என்று குறிப்பிட்டு எழுதும்படி கேட்பது என்று முடிவெடுத்தார்கள். வெறுமனே 'கணக்கில் பின்தங்கியவள்' என்று மட்டும் அதில் இருந்தால் உதவியும் அந்தத் திசையில்தான் வரும், தெரிந்த கூட்டலையே திரும்பச் செய்யவைப்பார்கள். ஆசிரியை மறுக்காமல் அப்படியே எழுதினார், அம்மா நகல் வாங்கி வைத்துக்கொண்டார்.

அடுத்த மாதங்கள்

முதல் இரண்டு வாரம் சொற்கள் ஒழுங்காக வந்தன. அப்புறம் பள்ளி விளையாட்டு நாள், தேர்வு வேலை என்று நின்றுவிட்டது. அம்மா டைரியில் ஒரு வரி நினைவூட்டினார், மறுநாள் பத்துச் சொல் சேர்ந்து வந்தது. இதில் மனவருத்தப்பட ஒன்றுமில்லை, 38 பிள்ளைகளை வைத்திருப்பவருக்கு மறக்கத்தான் செய்யும், நினைவூட்டுவது பெற்றோர் வேலை.

வீட்டில் அம்மா வைத்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. கணக்கைத் தமிழில் சொல்வார், பிள்ளை அதை ஆங்கில வாக்கியமாக்கி எழுத வேண்டும், அந்த வாரச் சொல் ஒன்றாவது அதில் வர வேண்டும். பிறகு இருவரும் சேர்ந்து விடை கண்டுபிடிப்பார்கள். கேள்வியைத் தானே உருவாக்கப் பழகியதும் தேர்வுத்தாள் மீதான பயம் குறைந்தது என்பது என் கணிப்பு. 'அதிகம்' என்றாலே கூட்டல் என்ற வழக்கம் போக மட்டும் நாளாயிற்று.

ஜூன் ரிப்போர்ட்டில் கணக்கு 51. விரித்து எழுதும் முறையைப் பிடித்ததே அதில் பெரும்பங்கு, வாக்கியக் கணக்குகளில் பாதிதான் தேறியது. ஆங்கிலம் 46, கிட்டத்தட்ட அசையவே இல்லை. அப்பா மறுபடி சோர்ந்தார். இரண்டாம் சந்திப்பில் ஆசிரியை இவள் வாசிக்கும்போது கவனித்த குறிப்பைக் காட்டினார்: சொற்களைப் பிழையின்றி உச்சரிக்கிறாள், வாக்கியம் முடிந்ததும் என்ன படித்தாய் என்றால் சொல்லத் தெரியவில்லை. அதன்பேரில் ஆதரவுக் குழு மூன்றாம் பருவத்தில் அவளை வாரம் இரண்டு மதியம் நடக்கும் சிறு வாசிப்புக் குழுவில் சேர்த்தது. பள்ளி அளவிலேயே விஷயம் முடிந்தது, மாவட்டம் வரை போகவில்லை. தேர்வில் கேள்வியை வாசித்துக்காட்டும் சலுகை கடைசிவரை கிடைக்கவில்லை.

பக்கத்து இருக்கைப் பிள்ளை நல்ல தோழியாகிவிட்டாள். செப்டம்பரில் வகுப்பில் ஒரு பாடத்தை எழுந்து நின்று விளக்கியிருக்கிறாள், யாரும் சிரிக்கவில்லையாம். ஆண்டு முடிவில் கணக்கு 63, ஆங்கிலம் 56, ஐந்தாம் வகுப்புக்குத் தேர்ச்சி. ஆங்கிலத்துக்கு அந்த ஆண்டு 50 தேவைப்பட்டது, ஆக அது சொல்லிக்கொள்ளும்படியான இடைவெளி இல்லை. இசிசூலுவில் தேவையான 40ஐத் தொட்டதோடு சரி.

மறுபடி செய்தால் மாற்றுவது

ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. முதல் திருத்திய தேர்வுத்தாள் பிப்ரவரியிலேயே வீட்டுக்கு வந்திருந்தது. கடைசிப் பக்கம் காலியாக இருந்ததைப் பார்த்த அன்றே டைரியில் கேட்டிருக்கலாம், இரண்டு மாதம் மிச்சமாகியிருக்கும்.

அரைப்பக்கத் தாளைச் சந்திப்புக்கு இரண்டு நாள் முன்பே டைரியோடு அனுப்பிவிடுவது நல்லது. அன்று ஆசிரியை அதை வாசித்து யோசிப்பதற்கே ஐந்து நிமிடம் போனது. முன்கூட்டிக் கிடைத்திருந்தால் வாசிப்புக் கவனிப்பை அவர் முதல் சந்திப்புக்குள்ளேயே செய்திருப்பார், குழுவில் சேருவது ஒரு பருவம் முன்னதாக நடந்திருக்கும்.

ஊரிலிருந்து வரும்போது மாற்றுச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும் எல்லோரும் கொண்டுவருகிறார்கள். திருத்திய நோட்டு ஒன்றிரண்டையும் கொண்டுவந்து சேர்க்கும் நாளிலேயே காட்டினால் கூட்டல் முறை, காற்புள்ளி இரண்டும் ஜூலையிலேயே தெரிந்திருக்கும். இந்த வீட்டில் அந்த நோட்டு பெட்டியில் இருந்ததே, பாட்டி கொடுத்த பலகாரத்தை அதில் வைத்துக் கட்டியதால்தான்.

இசிசூலுவை முதல் சந்திப்பில் விட்டது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் இரண்டாம் சந்திப்பில் அதைத்தான் முதலில் எடுத்திருக்க வேண்டும், அன்றும் ஆங்கிலத்திலேயே நேரம் போய்விட்டது. அது வேறு ஆசிரியர் எடுக்கும் பாடம், அவருக்கென்று தனியாகப் பத்து நிமிடம் கேட்க வேண்டும். இசிசூலுவில் ஒருமை பன்மையை முன்னொட்டு காட்டும், பையன் உம்ஃபானா, பையன்கள் அபாஃபானா. சொல்லின் வால் மாறிப் பழகிய தமிழ்ப் பிள்ளை அதைத் தலையில் தேட வேண்டும். இதை யாராவது ஒருமுறை உட்கார்ந்து சொன்னாலே போதும், ஆனால் கேட்டால்தானே சொல்வார்கள்.

ஐந்தாம் வகுப்பு தொடங்கிய ஜனவரியில் அம்மா புது வகுப்பாசிரியருக்கும் இசிசூலு ஆசிரியருக்கும் தனித்தனியாக அரைப்பக்கம் எழுதி அனுப்பியிருக்கிறார், படிவத்தின் நகலையும் சேர்த்து. ஆங்கிலத்தைத் திருத்தித் தரச் சொல்லி என்னிடம் கொண்டுவந்தார். இரண்டு எழுத்துப்பிழை இருந்தது, மற்றபடி நான் தொடவில்லை.